மை எட்டக் கூடாத இடம்

துப்பாக்கிக் குழலை உடலோடு சேர்ப்பது மரை வேலை. குழலின் பின்முனையில் மரை, உடலின் முன்வாயில் அதற்கேற்ற மரை. கையால் திருகினால் பெரும்பகுதி உள்ளே போய்விடும். கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் வைஸும் நீளப் பிடி போட்ட ஸ்பேனரும் வேண்டும். அந்தக் கடைசிக் கொஞ்சத்தில்தான் ஆர்மரரின், அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவரின், கை தெரியும். குழல் முழுதாக இறுகி நிற்கிற அதே இடத்தில், அதன் முன்முனையிலுள்ள குறிமுள் நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு நூல் குறைந்தால் குழல் தளர்ந்திருக்கும், ஒரு நூல் கூடினால் முள் சாய்ந்திருக்கும். எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் குழலின் மேல் ஓடும் வாயுக் குழாயும் சேர்ந்து கோணும். இரும்பும் இரும்பும் அவ்வளவு அழுத்தத்தில் உரசும்போது நடுவில் மசகு இல்லையென்றால் மரை கடித்துக்கொள்ளும். கடித்த மரையைப் பிரிக்கப் போனால் குழலும் போகும், உடலும் போகும்.

நான் இராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தவன். 1943இல் தொடங்கிய அந்தப் பிரிவுக்குத்தான் படையின் துப்பாக்கி முதல் டாங்கி வரை பழுது பார்க்கும் பொறுப்பு. என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் முதலில் கேட்பது, “எந்த கிரீஸ் சார் போடணும்?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: “அது எங்கே போகக் கூடாது? முதல்ல அதைச் சொல்லு.” குழலை மாட்டும்போது மரைக்கு மசகு மை வேண்டும். ஆனால் அந்த மை பின்னால் வழிந்து தோட்டா உட்காரும் அறைக்குள் போகக் கூடாது. வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை உறை விரிந்து அறைச் சுவரைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடிப்பு, பின்னால் தள்ளும் விசையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. சுவரில் எண்ணெய் இருந்தால் உறை வழுக்கும், முழு விசையும் போல்ட்டின் மேல் விழும். அதனால் மரையில் மையும் அறையில் உலர்வும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

இந்தக் கேள்வி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலிருந்தும் எனக்கு வரவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், என் அப்பாவின் தறிக்குழியிலிருந்து வந்தது.

பட்டுத்தறி பெரும்பாலும் மரம்தான். மிதிக்கட்டை, படைமரம், நாடா ஓடும் பலகை எல்லாம் மரம். மேலே ஜக்கார்டு பெட்டி வந்த பிறகு இரும்பும் சேர்ந்தது: வரிசை வரிசையாகக் கொக்கிகள், ஊசிகள், அட்டையைத் திருப்பும் உருளை, அதைத் தூக்கி இறக்கும் நெம்புகோல். ஒவ்வொரு மிதிக்கும் அந்த இரும்பு ஏறி இறங்கும். அதற்கு எண்ணெய் போடாவிட்டால் தேயும், இறுகும், கொக்கி தவறும். கொக்கி ஒன்று தவறினால் சேலையில் மயிலின் கழுத்து ஓரிடத்தில் அறுந்து நிற்கும். எண்ணெய் போட்டே ஆக வேண்டும். ஆனால் பெட்டி இருக்கிற இடம் எது? பாவுக்கு நேர் மேலே. சொட்டினால் பட்டில்தான் சொட்டும். பட்டு எண்ணெயைக் குடித்துவிடும். பிறகு முகப்பவுடர் தூவினாலும் சுண்ணாம்புத் தூள் தூவினாலும் முழுதாக வராது. சேலை கொடுக்கப் போகிற இடத்தில் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள், கறைக்குக் கூலியில் பிடிப்பார்கள். கோர்வைச் சேலையென்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டையும் பின்னிப் பிடிக்க இரண்டு பேர் உட்கார வேண்டும். இரண்டு பேரின் பல நாள் உழைப்பை ஒரு சொட்டு குறைத்து மதிப்பிட வைத்துவிடும்.

அப்பா இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பெட்டிக்குத் தையல் மிஷின் எண்ணெய், அதுவும் கோழி இறகின் நுனியால் தொட்டு வைப்பார், ஊற்றவே மாட்டார். எண்ணெய் வைக்கிற வேலை இரவில். வைத்துவிட்டுப் பாவின் மேல் பழைய வேட்டியை விரித்துவிடுவார். விடிந்ததும் அந்த வேட்டியை எடுத்துப் பார்த்து, எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது என்று கணக்கெடுத்த பிறகுதான் குழியில் இறங்குவார். மரமும் மரமும் உரசும் இடத்துக்கு எண்ணெயே கிடையாது. மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்ப்பார். மெழுகு சொட்டாது, ஓடாது, வைத்த இடத்திலேயே நிற்கும். “எண்ணெ நல்ல எண்ணெதான்டா. அது இருக்கிற இடத்துல இருக்குதான்னு பாக்கணும்” என்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கரை கோர்க்க உட்காரும்போது இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போனது. ஆயுதப் பட்டறையில் முதன்முதலாக ஒரு குழலை இறுக்கியபோது அப்பாவின் குரல் கேட்டது.

தறிக்கு மெழுகு என்றால் வண்டிக்கு மை. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தில் என் தாய்மாமனுக்கு ஒற்றை மாட்டு வண்டி இருந்தது. விறகு ஏற்றிக்கொண்டு காஞ்சிக்கு வருவார். வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும், அதற்குள் கறுப்பாக மை, செருகிய ஒரு குச்சி. வண்டி கீச்சிட ஆரம்பித்தால் வழியில் எங்கே இருந்தாலும் நிறுத்திவிடுவார். முட்டுக் கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைப் பாதி இழுத்து, இருசில் மை தடவி மறுபடி ஏற்றுவார். மாடு படுகிற பாட்டை அவரால் காது கொடுத்துக் கேட்க முடியாது.

அந்த மை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். வைக்கோலை எரித்து, சாம்பலாகும் முன்னே அணைத்து, அந்தக் கரியை நுணுக்கி விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். அவ்வளவுதான். பிற்பாடு படையில் மசகைப் பற்றிப் படித்தபோதுதான் அது எவ்வளவு சரியான தேர்வு என்று புரிந்தது. நம் வீட்டிலிருக்கும் எண்ணெய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும். இரும்புச் சட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டுகிற பிசுக்கை நினைத்துக்கொண்டால் இருசில் என்ன நடக்கும் என்று தெரியும். நெய் வெயிலில் உருகி ஓடிவிடும். ஆமணக்கு எண்ணெய் இந்த மூன்றுக்கும் தப்பியது. கெட்டியானது, எளிதில் உறையாது, எளிதில் பிசினாகாது. அதிலுள்ள கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்டத்தட்ட ரிசினோலெயிக் அமிலம் என்ற ஒரே வகை. அதன் மூலக்கூறு இரும்பின் மேல் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் சக்கரத்தின் பாரம் பிழிந்தாலும் ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். கரித்தூள் எண்ணெயை ஓட விடாமல் பிடித்துவைக்கும். முதல் உலகப் போரில் விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் இதே ஆமணக்கு எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். பெட்ரோலோடு எளிதில் கரையாது என்பது அங்கே கூடுதல் காரணம்.

காஞ்சிபுரத்தின் மண்ணில் துப்பாக்கிக்கும் வண்டி மைக்கும் பழைய உறவு உண்டு. இந்த ஊரைக் கோயில் நகரம் என்று மட்டும் சொல்பவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே கோயில் மதில்கள் கோட்டையாகப் பயன்பட்டன. 1751இல் ஆற்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட கிளைவ், பிரெஞ்சுப் படை பதுங்கியிருந்த காஞ்சிக் கோயிலின் மேல் பீரங்கி வைத்துச் சுட்டார். 1759இல் மறுபடி அதே கதை, ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள். ஒவ்வொரு பீரங்கியும் ஒரு வண்டி. அதற்கும் இருசு உண்டு, குடம் உண்டு, இழுக்க மாடுகள் உண்டு. குதிரை இழுப்பது குறைவு, நம் நாட்டுக் காளைகள்தான் இழுத்தன.

1780 செப்டம்பரில் நடந்ததுதான் பெரியது. பக்ஸாரில் வென்ற ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்ரோ காஞ்சிபுரத்தில் படையோடு காத்திருந்தார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் பெய்லி வந்து சேர வேண்டும். ஹைதர் அலியும் திப்புவும் நடுவில் புகுந்தார்கள். செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில் பெய்லியின் படை சூழப்பட்டது. ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் பொழிய, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு அவர் கதை முடிந்தது. பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782இல் இறந்தார். அந்தப் போரின் ஓவியம் இன்றும் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கிறது. புள்ளலூரிலேயே, மறு ஆண்டு 1781 ஆகஸ்டு 27 அன்று அதே களத்தில் நடந்த அடுத்த போரில் செத்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. வயல் நடுவே நிற்பதால் போகிறவர்கள் பலர் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்குவது பெய்லியைவிட மன்ரோ செய்தது. தோல்விச் செய்தி வந்ததும் அவர் செங்கல்பட்டு நோக்கிப் பின்வாங்கினார். கனமான பீரங்கிகளைக் கொண்டுபோக வழியில்லை. காஞ்சியிலிருந்த பெரிய குளத்தில் அவற்றைத் தள்ளிவிட்டுப் போனார். இழுக்க மாடு இல்லாத, தின்ன அரிசி இல்லாத படைக்கு உலகத்தின் சிறந்த வார்ப்பும் பாரம்தான். பீரங்கியின் வாயைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் இருசைப் பற்றி எழுதுவதில்லை. என் தொழில் என்னை இருசைப் பார்க்க வைக்கிறது. ஊரை அழிக்க வந்த பீரங்கிக்கும் ஊருக்கு விறகு கொண்டுவந்த என் மாமன் வண்டிக்கும் உருள்வதற்கு வேண்டியது ஒன்றேதான்.

பீரங்கி வண்டியின் மையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. அது சக்கரத்தோடு நின்றது. துப்பாக்கியின் மை மனிதனின் வாய்க்கு வந்தபோதுதான் நாடு பற்றி எரிந்தது.

1853 மாதிரி என்பீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் மூன்று புரிகள் வெட்டியிருக்கும். தோட்டா, காகிதச் சுருளில் மருந்தும் ஈயக்குண்டும் சேர்ந்து வரும். சிப்பாய் பல்லால் காகிதத்தைக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, காகிதம் சுற்றிய குண்டைக் கம்பியால் உள்ளே இடிக்க வேண்டும். சுடச் சுட மருந்தின் கசடு குழலுக்குள் கெட்டிப்படும், அடுத்த குண்டு இறங்காது. அதற்காகக் குண்டிருக்கும் பக்கத்துக் காகிதத்தில் மை தடவினார்கள். மை கசடை இளக்கும், குண்டை வழுக்கி இறக்கும். ஒரு ஆர்மரராகச் சொல்கிறேன், அந்த ஏற்பாட்டில் குற்றம் இல்லை. எந்த மை என்பதில்தான் எல்லாம் இருந்தது.

அவர்கள் யோசிக்காமல் இல்லை. 1853இலேயே மை தடவிய தோட்டாக்களை இந்தியாவுக்கு அனுப்பி, சிப்பாய்களின் பைகளில் போட்டு நடக்க வைத்து, நம் வெயிலை அந்த மை தாங்குமா என்று சோதித்தார்கள். விலங்குக் கொழுப்பு மட்டும் போட்டால் கோடையில் உருகி ஓடும், நாள்பட்டால் ஈயத்தை அரிக்கும். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் இரண்டையும் கலப்பதில் ஒரு நியாயம் இருந்தது. வெப்பம், சேமிப்பு, ஈயம், கசடு என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தவர்கள், அந்த மை எங்கே படக் கூடாது என்பதை எண்ணவில்லை. எண்ணிய ஒருவர் இருந்தார். வங்கப் படையின் கர்னல் டக்கர், மையில் சாதிக்கோ மதத்துக்கோ ஆகாதது இருக்கக் கூடாது என்று அதே 1853இல் எழுதி எச்சரித்தார். அந்த எச்சரிக்கை கோப்புக்குள் கிடந்தது.

1857 ஜனவரியில் டம்டம்மில் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு கிளம்பியது. உடனே அரசு, மை தடவாத தோட்டாக்களைக் கொடுத்து, தேன்மெழுகும் தாவர எண்ணெயும் சேர்த்துச் சிப்பாய்களே தடவிக்கொள்ளட்டும் என்றது. பொறியியலாகப் பார்த்தால் அது நல்ல கலவை. ஆனால் அதற்குள் காகிதத்தின் மினுமினுப்பின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்று பயிற்சியை மாற்றினார்கள், அதுவும் பிந்திவிட்டது. மார்ச் 29 மங்கள் பாண்டே எழுந்தார். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் குதிரைப்படையின் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10 மீரட் எழுந்தது.

தோட்டா ஒன்றினால்தான் 1857 வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நிலம், வரி, சம்பளம், பிடுங்கிய அரசுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இது ஐம்பது ஆண்டு முன்னமே தெரிந்த பாடம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு முன்னே வந்தது, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு, தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்ற உத்தரவு. அங்கே தோல் தலையில் பட்டது, இங்கே கொழுப்பு உதட்டில் பட்டது. 1857 ஆகஸ்டில் நம் பக்கத்திலும் ஒரு சலசலப்பு: வங்காளத்துக்குக் கப்பலேறப் பெங்களூரிலிருந்து வந்த 8ஆம் சென்னைக் குதிரைப்படை, காஞ்சிக்கும் சென்னைக்கும் நடுவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் நின்று, பழைய சம்பளமும் ஓய்வூதியமும் தந்தால்தான் மேலே நகர்வோம் என்றது. அவர்கள் மையைப் பற்றிப் பேசவில்லை. ஆயுதத்தைப் பறித்து அந்தப் படையையே கலைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஆங்கிலேயர் விலங்குக் கொழுப்பை விட்டு மெல்ல மெல்ல மண்ணெண்ணெய் இனத்துக்குப் போனார்கள். பர்மாவின் ஏனாஞ்சாவுங் கிணறுகளிலிருந்து வந்த ரங்கூன் எண்ணெய் படையின் துப்பாக்கி எண்ணெயானது. நான் வேலை பழகிய .303 துப்பாக்கியின் கட்டைக்குள் ஒரு சிறு அறை இருக்கும், அதில் ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பியும் கயிறும். அந்தக் காலத் தோட்டாவின் தீப்பொறி மருந்தில் உப்பு மிஞ்சும், அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் சுட்டு முடித்ததும் கொதிக்கிற தண்ணீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, கயிற்றில் பிளானல் துணி கோத்து இழுத்து உலர்த்திய பிறகுதான் எண்ணெய். தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிற புதுப் பையன்களுக்கு இதை நம்ப வைப்பது கடினம். நம் போலீஸ்காரர்கள் அந்தத் துப்பாக்கியைப் பல பத்தாண்டுகள் தூக்கித் திரிந்தார்கள், நன்றாகக் கழுவியவை இன்றும் குழல் பளபளக்க இருக்கின்றன.

பிற்பாடு கிரீஸ் டப்பாக்கள் வந்தன. கிரீஸ் என்பது சோப்பு ஒன்று எண்ணெயைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் நிலை. எந்த உலோகத்தின் சோப்பு என்பதில் குணம் மாறும். சுண்ணாம்புச் சோப்பு தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. சோடாச் சோப்பு சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரைந்துபோகும். இரண்டையும் ஓரளவு சேர்ந்து தாங்குவது லித்தியம் சோப்பு. அமெரிக்கரான கிளாரன்ஸ் ஏர்ல் 1942இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் விற்கும் கிரீஸில் பெரும்பங்கு லித்தியம் வகைதான். அந்தச் சோப்புக்குக் கொழுப்பு எங்கிருந்து? ஆமணக்கிலிருந்து. ஆமணக்கு எண்ணெய்க்குள் ஹைட்ரஜனை ஏற்றி, அதிலிருந்து 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலம் எடுத்து, அதை லித்தியத்தோடு சேர்க்கிறார்கள். ஆமணக்கை உலகுக்கு அதிகமாகக் கொடுப்பது இந்தியா, அதிலும் குஜராத். படையின் கிரீஸ் டப்பாவைப் பற்றி இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மாமனின் மூங்கில் குழாயில் இருந்தது வேறு உருவில் அந்த டப்பாவுக்குள்ளும் இருந்திருக்கிறது.

இருந்தாலும் வண்டி மை எல்லாத் துப்பாக்கிக்கும் ஆகும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எஸ்.எல்.ஆரும், பிறகு திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை செய்த இன்சாஸும் இரும்பு உடல் கொண்டவை. அமெரிக்கரின் எம்-16 குடும்பத்தில் உடல் அலுமினியம், குழலை இறுக்கும் நட்டு இரும்பு. அண்மையில் நம் படை வாங்கிய சிக் சாவர் 716-உம் அலுமினிய உடல்தான். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் ஈரம், அதோடு மின்சாரத்தைக் கடத்தும் கிராபைட்டும் சேர்ந்தால் அது சிறு மின்கலம் ஆகிவிடும், அலுமினியம் அரிபடும். ஆகவே அங்கே கரியின் இனமான கிராபைட் கலந்த எதுவும் கூடாது. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸைத் தடவுவார்கள். தடவி இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, இப்படி மூன்று முறை செய்து மரைகளைப் பழக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. அளவு 30 முதல் 80 அடி-பவுண்டு வரை, அதற்குள் எங்கே வாயுக் குழாயின் துளை நேராகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். இந்த அளவு மை தடவிய மரைக்குச் சொன்னது. உலர்ந்த மரையில் அதே அளவு காட்டினால் விசையில் கூடுதல் பங்கை உராய்வே தின்றிருக்கும், நட்டு போதிய அளவு இறுகியிருக்காது. கையில் இருக்கும் கருவி பொய் சொல்லாது, ஆனால் மை இல்லாத இடத்தில் அது சொல்வது வேறு உண்மை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு துப்பாக்கியைத் தொடும் வேலை இல்லை. ஆனால் மை விடவில்லை. ஊரில் ஒரு கோயிலின் தேரோட்டத்துக்கு முன், தேர் வேலை செய்யும் ஆசாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, பீரங்கிக்கெல்லாம் மை போட்டவரு நீங்க. தேருக்கு எதப் போடலாம், சொல்லுங்க” என்றார். காஞ்சியில் தேருக்குக் குறைவில்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் ஏழாம் நாள் தேர் ஏறுவார், பங்குனியில் ஏகாம்பரநாதர். திருச்சி பெல் ஆலை திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்ததிலிருந்து மற்ற ஊர்த் தேர்களும் ஒவ்வொன்றாக இரும்புக்கு மாறிவந்தன. இவர் கேட்ட தேருக்கும் இரும்பு இருசு, குடத்துக்குள் வெண்கல புஷ்.

தேர் ஓடுவது வருடத்தில் ஓரிரு நாள். மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகையில் அதே பாரத்தோடு அதே இடத்தில் அழுத்திக்கொண்டு நிற்கும். ஓடும்போதும் நடையைவிட மெதுவாக, நின்று நின்று ஓடும். வேகமாகச் சுழலும் இருசில் எண்ணெய் தானே ஒரு படலமாக விரிந்து உலோகத்தைப் பிரித்துவைக்கும். தேர்ச் சக்கரத்தில் அந்தப் படலம் உருவாகவே நேரமில்லை. வடம் பிடித்து இழுக்கும் முதல் உலுக்கலில் உலோகம் உலோகத்தின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும். அதனால் எண்ணெயை மட்டும் நம்பாமல், பிழிந்தாலும் மிஞ்சுகிற திடப்பொடி கலந்த கிரீஸ் வேண்டும். மாலிப்டினம் கலந்த லித்தியம் என்று சொன்னேன். அவர் அடுத்துக் கேட்டதுதான் சரியான கேள்வி: “அதுல மாட்டுக் கொழுப்பு இருக்காதே?”

சிரிக்கிற கேள்வி அல்ல அது. கிரீஸின் வரலாற்றில் பாதி, மாட்டுக் கொழுப்பைச் சுண்ணாம்போடு காய்ச்சிய வரலாறு. டப்பாவின் மேல் அது எழுதியிருக்காது. சோப்புக்கு எந்தக் கொழுப்பு என்று விற்பவரிடம் கேட்டு, தெரியவில்லை என்றால் தயாரிப்பாளருக்கே எழுதிக் கேட்கச் சொன்னேன். கேட்டார்கள், ஆமணக்கு வழி வந்தது என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் டப்பாவைத் திறந்தார்கள். டக்கர் 1853இல் கேட்கச் சொன்னதும் இவ்வளவுதான்.

அந்த வேலையில் நானும் போய் நின்றேன். முதல் நாள் முழுவதும் பழைய மையை எடுப்பதிலேயே போனது. பல வருடத்து மை, தூசி, மழைநீர் எல்லாம் சேர்ந்து மெழுகுக் கட்டியாக இறுகியிருந்தது. மரக்கரண்டியால் வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துணி வெள்ளையாக வரும்வரை துடைக்கச் சொன்னேன். பழையது சோடா வகையா சுண்ணாம்பு வகையா யாருக்கும் தெரியாது. வெவ்வேறு சோப்புகள் கலந்தால் சில நேரம் இரண்டுமே இளகி ஓடிவிடும், நல்ல கிரீஸை வீணாக்கிவிடும். இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை, மேலேயே பூசிவிடலாமே என்றார்கள். ஆசாரி விடவில்லை.

மறுநாள் பூசினோம். புஷ்ஷின் உட்புறத்தில் விரலால் ஒரே சீராக, இருசின் மேல் மெல்லியதாக. சக்கரத்தை ஏற்றியதும் இரு ஓரத்திலும் பிதுங்கி வந்ததை உடனே துடைத்தோம். சக்கரத்தின் வெளி முகத்திலோ பட்டாவிலோ ஒரு பொட்டு ஒட்டியிருக்கக் கூடாது. முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு முன்னால் ஓடி ஓடிக் கட்டையைச் செருகுகிறார். அவர் கை வழுக்கினாலோ கட்டை வழுக்கினாலோ என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதனால் மை பூசிய பையன்கள் அன்றைக்கு வடத்தையும் கட்டையையும் தொடக் கூடாது என்று ஆசாரி சொல்லிவிட்டார். சீயக்காய்த் தூளும் வெந்நீரும் கொண்டுவந்து, முழங்கை வரை கழுவ வைத்துத்தான் அவர்களைக் கொட்டகையிலிருந்து வெளியே விட்டார். மிச்சமான கிரீஸை டப்பாவில் மூடி, வகையும் தேதியும் எழுதி ஒட்டிக் கொட்டகைப் பரணில் வைத்தோம். அடுத்த முறை பூசுகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.